நாலு பாட்டரி எடை

மூன்றாவது முறையாக வாத்தியார் காரின் இக்னிஷன் சுவிட்சைக் கழற்றிக்கொண்டிருந்தான் வயரிங்காரன். அதில் எந்தக் கோளாறும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். போன மாதம் கழற்றிய சுவிட்சிலும் கோளாறு இல்லை. அதற்கு முந்தையது காரோடு பிறந்தது. அதிலும் இல்லை.

தலை டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தது, கால்கள் கதவுக்கு வெளியே. பல்லுக்கிடையில் டார்ச். முதுகுக்குக் கீழே ஸ்டியரிங் கம்பி எங்கே முட்டுகிறது என்பதுகூட இப்போது பழகிவிட்டது. கதவோரத்தில் வாத்தியாரின் செருப்புகள் மட்டும் தெரிந்தன. அவை முன்னும் பின்னும் நடந்தன. பாடம் நடத்தும்போது அவர் அப்படித்தான் நடப்பார்.

"பாட்டரி ஒயரை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன் சார்."

"என்ன?"

"எடுத்துட்டேன் சார்!"

"கத்தாத. மூணு முனை இருக்கு. ஒண்ணு பாட்டரியிலிருந்து வரது. ஒண்ணு பொறி கிளப்பற காயிலுக்குப் போறது. ஒண்ணு லைட்டு, ஹாரன், மத்த சில்லறை. செல்ஃப் சுத்துது, இஞ்சின் பிடிக்கல. காயிலுக்குக் கரன்ட் வரல. அப்ப தப்பு எங்க?"

"சுவிட்சுலதான் சார்" என்றான், கூசாமல்.

"அப்படிச் சொல்லு. பதினோரு மார்க் வாங்கினவனுக்கே தெரியுது."

ஒன்பதாம் வகுப்பில் மின்சுற்றுப் பாடத்தில் அவன் வாங்கிய பதினொன்றை வாத்தியார் மறக்கவே இல்லை. முப்பது வருஷத்துக்குப் பிறகும் யாரிடம் அவனை அறிமுகம் செய்தாலும் அந்த எண்ணோடுதான் செய்வார். முப்பத்துமூன்று வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகு ஒரு காரை வாங்கினார். அவருடைய மனைவியைவிட நாலு வயது மூத்த கார். மூக்கு நீண்டது, முகப்பு விளக்குகள் தவளைக் கண்கள். ஒயர்களெல்லாம் நூல் சுற்றியவை. ஒரு காலத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று இருந்திருக்கும். இப்போது எல்லாமே டீத்தூள் நிறம். எது எங்கே போகிறது என்பது வயரிங்காரன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அதுதான் வினையாகப் போய்விட்டது.

மூன்று மாதத்துக்கு முன்பு வாத்தியாரம்மா வெயிலில் குடை பிடித்துக்கொண்டு அவன் கடைக்கு நடந்தே வந்தார். பழைய டயர் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வாத்தியாருக்குக் காது போய்விட்டது என்றார்.

"கேட்டா ஒத்துக்க மாட்டார். ஊரே முணுமுணுன்னு பேசுதுங்கறார். நேத்து ஒரு லாரி பின்னாலயே ஹாரன் அடிச்சிட்டு வந்திருக்கு. இவர் நடு ரோட்டுல ராஜா மாதிரி போயிருக்கார். வீட்டுக்கு வந்து, 'இன்னிக்கு ரோடு என்ன அமைதியா இருந்தது தெரியுமா'ங்கறார்."

"அடடா."

"நான் பக்கத்துல இருந்தா, பின்னாடி லாரின்னு சொல்வேன். ஒதுங்குவார். நான் இல்லாம இந்த வண்டி கிளம்பக் கூடாது. கிளம்பவே முடியாதபடி ஏதாவது பண்ணு."

"சார்கிட்ட ஒரு வார்த்தை..."

"அவர்கிட்ட சொல்றதா இருந்தா உங்கிட்ட எதுக்குடா வரேன்?"

"சரிம்மா" என்றான்.

சரி என்பது அவனுக்கு வாயில் ஊறும் எச்சில் மாதிரி. தானாக வரும். பதினாறு வயதில் மாமா ஒருவர், "விளக்கைக் கொஞ்சம் பிடிக்கிறியா" என்று கேட்டார். சரி என்றான். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தான். ஒரே காலையில் மூன்று வண்டிக்காரர்களுக்குச் சரி சொல்வான். மூன்று பேரும் கடை வாசலில் நின்று ஒருவரை ஒருவர் முறைப்பார்கள். அவன் நாலாவது வண்டிக்கு அடியில் படுத்திருப்பான். கல்யாண விஷயத்திலும் இதே கதைதான். அத்தை ஒரு பெண்ணைச் சொன்னாள், சரி என்றான். அம்மா வேறொரு பெண்ணைச் சொன்னாள், அதற்கும் சரி. நாலு நாள் அவனுக்கு இரண்டு மணப்பெண்கள் இருந்தார்கள். அஞ்சாம் நாள் அவர்களில் ஒருத்தி நேரே கடைக்கு வந்து, "ரெண்டுல எந்தச் சரி நிஜம்?" என்று கேட்டாள். கேட்டவளையே கட்டிக்கொண்டான். அவள் இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வீட்டில் அவனை எதுவும் கேட்பதில்லை. சொல்வதோடு சரி.

யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அவன் நினைத்ததே இல்லை. எதிரே நிற்கிறவரின் முகம் சுருங்குவதைப் பார்க்க அவனால் முடியாது. அவ்வளவுதான். முகம் சுருங்கும் நேரத்தில் தான் பக்கத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள்வான்.

உடைக்கப் போட்ட வேன் ஒன்றிலிருந்து ஹாரன் பட்டனைக் கழற்றினான். அழுத்தினால் இரண்டு முனையும் சேரும், விட்டால் பிரியும். வாத்தியார் மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது, வாத்தியாரம்மா உட்காரும் முன்சீட்டின் ஸ்பிரிங்குக்கு அடியில் அதைப் பொருத்தினான். சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி, அந்தப் பட்டன் வழியாகச் சுற்றிவிட்டான். கம்பளத்துக்கு அடியில் ஒயர் போனது. மேலே கறுப்பு டேப். இனி அந்தச் சீட்டில் ஆள் உட்கார்ந்து ஸ்பிரிங் தாழ்ந்தால்தான் காயிலுக்குக் கரன்ட்.

காய்கறிப் பையை வைத்தால் கிளம்பிவிடக் கூடாது. எடை வேண்டும்.

"அம்மா, நீங்க எவ்வளவு இருப்பீங்க?"

"எதுக்கு?"

"பட்டனுக்கும்மா."

வாத்தியாரம்மா கொடிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டு, "ஐம்பத்தஞ்சு" என்றார்.

அவன் மனைவியோடு இருபது வருஷம் குடித்தனம் செய்தவன். மேலும் கீழும் பார்க்காமல், மனதுக்குள் கொஞ்சம் கூட்டிக்கொண்டான். கடையிலிருந்து பழைய பாட்டரிகளைக் கொண்டுவந்து சீட்டில் ஒவ்வொன்றாக அடுக்கினான். பதினைந்து கிலோ ஒன்று. மூன்று வைத்தபோது பட்டன் அசையக் கூடாது, நாலாவதை வைத்ததும் அமுங்க வேண்டும். அதற்குத் தக்கபடி டியூப் ரப்பரை வெட்டி முட்டுக்கொடுத்தான். வாத்தியாரம்மா உட்கார்ந்து பார்த்தார். இஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து வாத்தியாருக்குத் தூக்கம் போயிற்று. தனியாக ஏறினால் செல்ஃப் ரர்ரர் என்று சுற்றும், இஞ்சின் பிடிக்காது. மனைவி ஏறினால் சமர்த்தாகக் கிளம்பும். "பாத்தீங்களா, வண்டிக்கும் என்னை விட்டா கதி இல்ல" என்று வாத்தியாரம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே சொல்வார். வாத்தியார் டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு, டேஷ்போர்டுக்கு அடியில் குனிய வசதியாக, பக்கத்து சீட்டில் ஏறி உட்காருவார். லாம்ப் பளிச்சென்று எரியும். கரன்ட் வருகிறது. சந்தோஷமாக டிரைவர் சீட்டுக்குப் போவார். போய்விடும். மறுபடி வந்து உட்காருவார். எரியும். ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். வெப்பம், ஈரப்பதம், நேரம், கிழமை. பதினேழு பக்கம் ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் கொஞ்சம் பரவாயில்லை என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

அதுவரைக்கும் வேடிக்கைதான். பிறகு லைசென்ஸ் புதுப்பிக்கிற வேலை வந்தது.

எழுபத்தைந்து தாண்டியவர்கள் தங்கள் வண்டியிலேயே வந்து ஓட்டிக்காட்ட வேண்டும். முதலில் கொடுத்த தேதியில் வாத்தியாரம்மா தங்கை வீட்டில் இருந்தார். வண்டி கிளம்பவில்லை. அடுத்துக் கொடுத்த தேதியில் பல் பிடுங்கப் போயிருந்தார். வண்டி கிளம்பவில்லை. மூன்றாவதாகக் கடிதம் வந்தது. வியாழன் காலை பத்து மணி, இதுவே கடைசி, வராவிட்டால் லைசென்ஸ் ரத்து. வாத்தியார் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு இது கிளம்பலன்னா நான் ஓட்டறது முடிஞ்சுதுடா" என்றார் இப்போது. செருப்புகள் நின்றுவிட்டிருந்தன. "பஸ்ல போய்க்குவேன். அதுக்கென்ன. போற வர்றவன்கிட்ட கையை நீட்டி நிப்பேன். கிளம்பும்ல?"

வயரிங்காரன் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான்.

"கிளம்பும் சார்."

"சத்தமா."

"கிளம்பும் சார்! சரி சார்!"

வாத்தியார் கண்ணாடியைத் தேடி உள்ளே போனார். அவன் பின்பக்கம் போனான். வாத்தியாரம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஒரு போர்வைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவர்.

"அம்மா, கழட்டிடவா?"

"கழட்டினா அப்புறம் எப்படிடா மாட்டுவ? நாளைக்கு லைசென்ஸ் வாங்கின கையோட தனியாக் கிளம்பிடுவார்."

"சாருக்கு லைசென்ஸ் போயிடுமேம்மா."

போர்வைக்கு அந்தப் பக்கம் வாளி நகர்ந்தது.

"அதுக்கா நான் சொன்னேன்?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "போச்சுன்னா எனக்கு மட்டும் நல்லதா? எங்கயாவது போகணும்னா யார் இருக்கா? தங்கச்சி வீட்டுக்குக்கூட..." ஒரு துணியை உதறினார். தண்ணீர் அவன் முகத்தில் தெறித்தது. "டெஸ்ட்டுக்கு இன்ஸ்பெக்டர் பக்கத்துல உட்காருவார்ல?"

"ஆமா."

"அப்ப அவர் எடையில கிளம்பாதா?"

அவன் யோசித்தான். அவன் பார்த்த இன்ஸ்பெக்டர்கள் எல்லோருக்கும் வயிறு பெல்ட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும். நாலு பாட்டரி என்ன, ஆறு பாட்டரி தேறும்.

"கிளம்பும்மா" என்றான்.

"அப்புறம் என்ன. நீயும் கூட வா. பின்னாடி உட்காரு. இவருக்குக் காதுல விழலன்னா நீ எடுத்துச் சொல்லு."

"சரிம்மா."

ராத்திரி மனைவியிடம் சொன்னான். அவள் மாத்திரை அட்டைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "புருஷனுக்கு ஒரு சரி, பொண்டாட்டிக்கு ஒரு சரி. நடுவுல உன் முதுகு. நல்லா இரு" என்றாள்.

வியாழன் காலை வாத்தியாரம்மா ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. வாத்தியார் புதிய சுவிட்சை ஒரு குழந்தையின் கன்னத்தைத் தட்டுவது போலத் தட்டினார். "சுவிட்சுதான். நான் சொல்லல?" என்றார். பின்சீட்டில் வயரிங்காரன் மடியில் இரும்பு டூல் பாக்சோடு உட்கார்ந்திருந்தான். வழியில் வாத்தியாரம்மா நாலு முறை "பின்னாடி பஸ்" என்றார். நாலு முறையும் வாத்தியார், "தெரியும், கண்ணாடியில பாத்துட்டேன்" என்றார். கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டெஸ்ட் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். வரிசையாக டயர்கள், ஒரு வேகத்தடை, கடைசியில் ஒரு மண் மேடு. மேட்டில் பாதியில் நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். வாத்தியாரம்மா இறங்கினார். இஞ்சின் நின்றது.

"நீங்க நிறுத்துனீங்களா?" என்றார் வாத்தியாரம்மா, ஒன்றும் தெரியாதவர் போல.

வாத்தியார் புதிய சுவிட்சை முறைத்தார். நெற்றியில் வேர்வை.

இன்ஸ்பெக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். வயரிங்காரன் வாத்தியாரம்மாவைப் பார்த்தான். உடுப்பு ஒரு பக்கம் வந்தது, ஆள் இன்னொரு பக்கம் வந்தார். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் மூன்று. காற்று பலமாக அடித்தால் கையிலிருந்த கோப்பு அவரைப் பிடித்துக்கொள்ளும் போலிருந்தது.

"நாலுக்கு எங்கடா போறது" என்று வாத்தியாரம்மா உதடு அசையாமல் சொன்னார். "மூணுகூடத் தேறாது போலிருக்கே."

"தேறும்மா. மூணே கால்."

இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். சீட்டுக்கு அவர் ஏறியதே தெரியவில்லை. "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். குரலும் உடம்புக்கு ஏற்றதுதான்.

"என்ன?"

"ஸ்டார்ட் பண்ணச் சொல்றார் சார்!" என்று வயரிங்காரன் பின்னால் ஏறிக்கொண்டே கத்தினான்.

"நீ யாருய்யா?"

"வயரிங் சார். பழைய வண்டி. நடுவுல நின்னா தள்ளறதுக்கு."

வாத்தியார் செல்ஃப் குமிழை இழுத்தார். ரர்ரர். மறுபடி. ரர்ரர்ரர். மூன்றாம் முறை பாட்டரி கொஞ்சம் முனகியது. வாத்தியாரின் கை சாவியைத் திருகிப் பார்த்தது, விட்டது, சட்டைப்பையைத் தொட்டது. கடிதம் அங்கேதான் இருந்தது. வெளியே வாத்தியாரம்மா தன் கைப்பையை இரண்டு கையாலும் பிசைந்தார். தன் உடம்பில் பாதியை வெட்டி அந்த மனுஷன் மடியில் வைக்க முடிந்தால் வைத்திருப்பார்.

"கிளம்பாதுன்னா நான் எழுதிட வேண்டியதுதான்" என்று இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

வயரிங்காரன் தன் மடியைப் பார்த்தான்.

"சார், இத ஒரு நிமிஷம் பிடிங்க" என்று டூல் பாக்சைத் தூக்கி முன்சீட்டின் முதுகுக்கு மேலாக இன்ஸ்பெக்டர் மடியில் இறக்கினான். பதிமூன்று கிலோ. இன்ஸ்பெக்டர் "ஹக்" என்றார். "எதுக்கு?" என்று அவர் கேட்பதற்குள், "இழுங்க சார்!" என்று கத்தினான். வாத்தியார் இழுத்தார். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"நேரா போங்க" என்றார் இன்ஸ்பெக்டர் பெட்டிக்கு மேலாக.

"நேரா போகவா சார்! சரி சார்!" என்றான் பின்சீட்டு.

"உன்னை யார் கேட்டா?"

"பழக்கம் சார்."

வண்டி போயிற்று. டயர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போயிற்று. எதையும் தொடவில்லை. வாத்தியாருக்குக் கையும் காலும் இன்னும் சொன்னபடி கேட்டன. காது ஒன்றுதான் மக்கர் பண்ணியது. லெஃப்ட் என்று இன்ஸ்பெக்டர் மூச்சு விட்டதும், "லெஃப்ட்டா சார்?" என்று பின்னால் ஒரு இடி இடிக்கும். வாத்தியார் லெஃப்ட்டில் திருப்புவார். வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியபோது இன்ஸ்பெக்டர் பெட்டியோடு ஒரு அடி எழும்பினார். இஞ்சின் 'டப்' என்று நின்றது. அவர் சீட்டில் விழுந்ததும் உருண்ட வேகத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது.

"என்னய்யா அது?"

"இருமல் சார். வயசாச்சு வண்டிக்கு."

மேட்டில் பாதியில் நிறுத்தினார்கள். வண்டி வானத்தைப் பார்த்து நின்றது. இங்கே இஞ்சின் நின்றால் கதை முடிந்தது. இன்ஸ்பெக்டருக்குத் தொடை மரத்துவிட்டிருந்தது. பெட்டியைக் காதைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

"ஏய், இத பின்னாடி வாங்கிக்க."

வயரிங்காரனின் வாய் திறந்தது. உள்ளே அந்த வார்த்தை தயாராக இருந்தது. நாற்பத்தைந்து வருஷமாகத் தயாராக இருப்பது. கண்ணாடியில், கூரையைப் பார்க்கும் அந்தக் கண்ணாடியில், கோணலாக வாத்தியாரின் நெற்றி மட்டும் தெரிந்தது. ஒரு நரம்பு துடித்தது.

"முடியாது சார்" என்றான்.

சொன்ன பிறகு அவனுக்கே காது அடைத்தது. யாரோ வேறு ஆள் சொன்ன மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டர் பெட்டியைப் பாதி தூக்கியபடி திரும்பினார். அந்த உத்தியோகத்தில் அவரிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.

"என்ன முடியாது? உன் பெட்டிதான?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு சார். வாங்க முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்கதான் வெச்சுக்கணும்."

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் முகம் நன்றாகவே சுருங்கியது. சுருங்கி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, தானாகவே பழையபடி ஆனது. இவ்வளவுதானா என்று வயரிங்காரனுக்கு ஆச்சரியமாக இருந்தது. பெட்டி மடிக்கே திரும்பியது.

"எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எடுக்கலாமா சார்!"

வாத்தியார் கிளட்சை விட்டார். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளாமல் மேட்டைத் தாண்டியது.

தொடங்கிய இடத்தில் வந்து நின்றார்கள். வாத்தியாரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். இன்ஸ்பெக்டர் டூல் பாக்சையே மேஜையாக வைத்து எழுதினார்.

"ஓட்டறீங்க, நல்லாவே ஓட்டறீங்க" என்றார் எழுதிக்கொண்டே. "காது சுத்தமாக் கேக்கல."

"சார் நல்லா ஓட்டறீங்கன்னு சொல்றார்!" என்றான் வயரிங்காரன்.

"மிச்சத்தையும் சொல்லுய்யா. பின்னாடி இருந்து நீ கத்தலன்னா என் ஆபீசுக்குள்ளயே ஓட்டியிருப்பார். காதுக்கு மிஷின் வெச்சுக்கணும். பக்கத்துல ஒரு ஆள் இல்லாம ஓட்டக் கூடாது. ரெண்டையும் எழுதிக் குடுக்கறேன். ரெண்டு வருஷம்."

அவன் சொன்னான். வாத்தியாருக்கு முகம் சிவந்தது. "எனக்கா காது கேக்காது? இவர் வாய்க்குள்ளயே பேசினா எவனுக்குக் கேக்கும்?" என்றார். ஆனாலும் காகிதத்தைச் சட்டென்று வாங்கிக்கொண்டார். அதை மடிக்காமல், காய வைப்பது போல ஸ்டியரிங் மேல் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் பெரிய பெருமூச்சு விட்டு, பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியாக வயரிங்காரனின் கையில் திணித்தார். அதற்குள் அவன் கீழே இறங்கியிருந்தான். முதுகு நன்றாகவே வளைந்து வாங்கிக்கொண்டது.

இஞ்சின் நின்றது.

வாத்தியார் சாவியைப் பார்த்தார். சாவி போட்டபடியே இருந்தது. இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அந்தப் பெட்டிய சார் மடியில வை."

"சார், எனக்கு அடுத்த வண்டி..." என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரே நிமிஷம். வைடா."

வைத்தான். வாத்தியார் இழுத்தார். பிடித்தது. "எடு." எடுத்தான். நின்றது. "வை." பிடித்தது. "எடு." நின்றது. வாத்தியார் நோட்டை எடுத்தார். பதினெட்டாம் பக்கத்தில் ஏதோ எழுதினார். முந்தைய பதினேழு பக்கத்தையும் கட்டை விரலால் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமைகளில் அவர் கை கொஞ்சம் தயங்கியது. இன்ஸ்பெக்டர் இறங்கி, கால்களை உதறிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"சீட்டுக்கு அடியிலயா?" என்றார் வாத்தியார்.

வயரிங்காரன் தரையைப் பார்த்தான். வாத்தியாரம்மா மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஆமா சார்."

"எவ்வளவுக்கு வெச்ச?"

"நாலு பாட்டரி எடை சார். அறுபது."

"என்ன?"

"நாலு பாட்டரி சார்! அறுபது கிலோ!"

வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். வாத்தியாரம்மாவும் திரும்பினார். அவர் பார்த்த பார்வையில் வயரிங்காரனுக்கு முகத்தில் சூடு தட்டியது. பட்டன் வெளிப்பட்டதற்கு இல்லை அந்தப் பார்வை. அது வேறு.

வாத்தியார் கொஞ்ச நேரம் ஸ்டியரிங் மேல் இருந்த காகிதத்தையே பார்த்தார். இவ்வளவு நாளும் மனைவி ஏறும்போதெல்லாம் சமர்த்தாகக் கிளம்பிய வண்டியை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, மீசைக்கு அடியில் என்னவோ அசைந்தது.

"கழட்டிடவா சார்?" என்றான் வயரிங்காரன்.

"எதுக்கு? பக்கத்துல ஆள் இல்லாம ஓட்டக் கூடாதுன்னு சர்க்காரே எழுதிக் குடுத்தாச்சே. வேலை சுத்தமாத்தான் இருக்கு. இருக்கட்டும்." பக்கத்துக் கதவைக் கை நீட்டித் திறந்தார். "ஏறு, நாலு பாட்டரி."

"என்ன சொன்னீங்க?"

"எனக்குக் காது கேக்கல. ஏறு."

வாத்தியாரம்மா ஏறினார். வேண்டுமென்றே தொப்பென்று உட்கார்ந்தார். இஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. வயரிங்காரன் பின்கதவின் கைப்பிடியைத் தொட்டான்.

"நீ எங்க ஏறுற?" என்றார் வாத்தியாரம்மா. "நடந்து வா. நல்லா நடந்து வா. பெட்டியையும் தூக்கிட்டு வா. எத்தனை கிலோன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டே வா."

வண்டி போய்விட்டது. அவன் பதிமூன்று கிலோவைக் கை மாற்றிக் கை மாற்றித் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்குக் கடை திறந்தான். டிராக்டர் ஒன்றுக்கு முகப்பு விளக்கு எரியவில்லை. எர்த் ஒயரின் முனை துருப்பிடித்திருந்தது, சுரண்டிப் போட்டான். மினி பஸ்காரர் ஒருவர் சாயங்காலத்துக்குள் ஹாரன் ரிலே மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். திங்கட்கிழமைதான் முடியும் என்றான். அவர் வேறு கடைக்குப் போனார். பதினொன்றரைக்கு வாத்தியாரின் கார் கடையைத் தாண்டிப் போயிற்று. வாத்தியார் காதில் மிஷின் இருந்தது. வாத்தியாரம்மா பக்கத்தில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் பக்கம் திரும்பவில்லை. மத்தியானம் ஒரு லாரிக்கு டைனமோ கழற்றினான். ஆறு மணிக்குக் கடையை மூடினான்.